கவென்றியில ஒருத்தரும் கதைக்கினமில்லையாம்

மருமோன், கொம்மா நேற்று இரவு போன் எடுத்தவா. அரைவாசி அழுகை, அரைவாசி எனக்கு அர்ச்சனை. "என்ர பிள்ளையோட அங்க ஒருத்தரும் முகம் குடுத்துக் கதைக்கினமில்லையாம் அண்ணை, ஒரு வெள்ளைக்காரன்ர வீட்டு வாசல்படி கூட இன்னும் மிதிக்கேல்லையாம்" எண்டு. ரண்டு தெரு தள்ளி இருக்கிற மாமனிட்டைச் சொல்லாமல் உந்தக் கவலையை நீ சாவகச்சேரிக்கு அனுப்பி, அது கடல் தாண்டித் திரும்ப என்னட்டை வந்து சேந்திருக்கு. சரி, கதிரையை இழுத்துப் போட்டு இரு. தேத்தண்ணி ஆறமுன்னம் குடி.

முதல்ல நீ எந்த ஊரில இருக்கிறாய் எண்டதை யோசி. ஒருத்தனோட பேச்சுப் பறைச்சல் வைக்காமல் எல்லாருமாச் சேந்து தள்ளி வைக்கிறதுக்கு இங்கிலீசுக்காரன் பரம்பரையாச் சொல்லுற சொல்லு, "அவனைக் கவென்றிக்கு அனுப்பியாச்சு" எண்டது. நீயோ விசாவுக்குக் காசு கட்டி, ரிக்கெற் போட்டு, உன்ர பாட்டில கவென்றிக்கு வந்து இறங்கிப்போட்டு, ஒருத்தரும் கதைக்கினமில்லை எண்டு அழுறாய்.

மாம்பழக் கதையும் காதுக்கு வந்தது. பக்கத்து வீட்டு மனிசி "ஒருநாளைக்கு வீட்டுப் பக்கம் வாங்கோவன்" எண்டதை நம்பி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பெட்டி மாம்பழத்தோட போய் மணி அடிச்சியாம். மனிசி வெலவெலத்துப் போய், திருப்பித் திருப்பி நன்றி சொல்லி, பெட்டியை வாங்கி, கதவைச் சாத்திப் போட்டுதாம். எடேய், அது அழைப்பில்லை. கதையை முடிச்சு வீட்டுக்குள்ள போறதுக்கு அவையள் சொல்லுற மரியாதைப் பேச்சு. திகதியும் நேரமும் சேத்துச் சொன்னால் மட்டும்தான் அழைப்பு. அப்பவும் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிசம் முந்திப் போகாதை, வீட்டுக்காரர் குசினியைத் துடைச்சுக்கொண்டு நிப்பினம்.

பேந்து உந்தச் சிவப்புச் சட்டை. கவென்றியில சீவிச்சுக்கொண்டு மஞ்செஸ்ரர் யுனைற்றெட் சட்டையோட தெருவில திரியிறாய். இந்த ஊர் நிறம் வான நீலம். 1987இல எஃப்.ஏ. கிண்ண இறுதி ஆட்டத்தில ரொட்டன்ஹாமை 3-2 எண்டு வெண்டவங்கள். அந்த ஆட்டத்தைப் பப்பில இண்டைக்கும் பந்துக்குப் பந்து சொல்லுவாங்கள், ஏனெண்டால் அதுக்குப் பிறகு நெடுங்காலம் சொல்லிக்கொள்ளுறதுக்கு ஒண்டும் நடக்கேல்லை. 2001இல மேல் பிரிவில இருந்து இறங்கி, இறங்கி, 2017இல நாலாம் பிரிவிலயே போய் விழுந்தவங்கள். அது கூடப் பறவாயில்லை. மைதானத் தகராறில ஊரை விட்டே வெளிக்கிட வேண்டி வந்தது. 2013இல நோர்தாம்ப்ரனுக்குப் போய் அங்க நிண்டு "சொந்த மைதான" ஆட்டம் ஆடினவங்கள். திரும்பி வந்து, 2019இல திரும்பவும் மூட்டை கட்டி ரண்டு வருசம் பேர்மிங்ஹாமில அண்டி இருந்தவங்கள். இடம்பெயர்ந்த சனம் நாங்கள். எங்களுக்கெண்டே அளவெடுத்துத் தைச்ச அணி ஒண்டு வாசல்ல கிடக்கு, நீ வெண்டுகொண்டே இருந்த மஞ்செஸ்ரருக்குக் கத்துறாய். வெண்டவனுக்குக் கத்துறவனை இந்த ஊர் நம்பாது மருமோன். தோத்த அண்டைக்கு மழையில நனைஞ்சு வீட்டுக்கு நடக்கேக்க பக்கத்தில வாறவனைத்தான் ஆர் எவர் எண்டு திரும்பிப் பாக்கும்.

இவ்வளவு காலம் இருந்து இந்தச் சனத்தைப் பற்றி நான் கண்டது ஒண்டே ஒண்டுதான். நேருக்கு நேர் முகத்தைப் பாத்துச் சிநேகிதம் பிடிக்க இவங்களுக்கு ஏலாது. நீ அதைத் திமிர் எண்டு நினைக்கிறாய். திமிரும் கொஞ்சம் கிடக்குத்தான், ஆனால் கூடுதலாக் கூச்சம். ரண்டு பேருக்கு நடுவில ஒரு சாமான் வேணும். நாயோ, மழையோ, பந்தோ, பூங்கண்டோ, எதெண்டாலும் சரி. அந்தச் சாமானைப் பாத்துக்கொண்டு பக்கத்தில நிண்டு கதைப்பாங்கள். எங்கட பங்குக்கிணறு நினைவிருக்கோ? கொப்பரும் அவற்ற ஒண்டுவிட்ட தமையனும் வேலிச் சண்டையில வருசக் கணக்கா முகம் முழிக்கேல்லை. ஆனால் இறைப்பு முறை மாறேக்க, "மிசின் சூடாக் கிடக்கு, கொஞ்சம் ஆறவிட்டு இறைக்கட்டாம்" எண்டு கிணத்தைப் பாத்துச் சொல்லிப்போட்டுப் போவினம். அந்தத் தண்ணி ரண்டு குடும்பத்தையும் வளத்தது. இஞ்சையும் உதுதான் கதை. நீ கிணத்தைத் தேடாமல் ஆளைத் தேடிக்கொண்டு அலையிறாய்.

மழையில தொடங்கு, காசில்லாமல் கிடைக்கிற சாமான். பஸ் தரிப்பில ஒரு மனிசி "இண்டைக்குச் சரியான குளிர்" எண்டால் "ஓம், சரியான குளிர்" எண்டு சொல்லவேணும். நீ என்ன சொன்னனீ? பன்ரண்டு பாகை எண்டு போனில காட்டுது, இது பெரிய குளிரில்லை எண்டாயாம். அந்த மனிசி உன்னட்டை வெப்பநிலை கேக்கேல்லை மோனே. நீயும் நானும் ஒரே குளிருக்குள்ளதான் நிக்கிறம் எண்டு சொன்னது. அதுக்கு எதிர்வாதம் கட்டினால் ஆர் உன்னோட கதைக்கும்? யாழ்ப்பாணத்து வெயிலைப் பற்றி ஒருக்காச் சொல்லலாம். ரண்டாம் தரம் சொன்னால் பஸ் எப்ப வரும் எண்டு பாக்கத் துவங்கிடுவினம்.

கியூவைப் பற்றி நான் சொல்ல மாட்டன், அதைச் சொல்லாத ஆள் இல்லை. குப்பை பின்னைப் பற்றித்தான் உனக்கு ஒருத்தரும் சொல்லித் தந்திருக்க மாட்டினம். கவுன்சில் ஒரு கிழமைக்கு ஒரு நிறம் எண்டு வைச்சிருக்கு. இந்தக் கிழமை எது எண்டு தெருவில ஒருத்தருக்கோ ரண்டு பேருக்கோதான் நிச்சயமாத் தெரியும். மற்றவை எல்லாம் முதல் நாள் பின்னேரம் யன்னல் சீலையை மெல்ல விலத்தி, ஆர் என்ன நிறம் வைச்சிருக்கினம் எண்டு பாத்து அதையே கொண்டுபோய் வைப்பினம். முதல் வைச்ச ஆள் பிழை விட்டால் தெரு முழுக்கப் பிழை, அடுத்த நாள் லொறிக்காரன் எல்லாத்தையும் அப்பிடியே விட்டிட்டுப் போவான். அண்டைக்குத்தான் பாக்கவேணும், ஒருத்தரோட ஒருத்தர் பறையாத வீட்டுக்காரர் எல்லாம் படலைக்கு வந்து நிண்டு கவுன்சிலைத் திட்டுவினம். நான் இந்தத் தெருவுக்கு வந்த புதிசில எதிர் வீட்டு மனிசன் தலையை ஆட்டுறதோட சரி. ஒருநாள் அவர் வேலைக்குப் போன பிறகு, றோட்டில காத்துக்கு உருண்டுகொண்டு கிடந்த அவற்ற வெறும் பின்னை உள்ள இழுத்து விட்டன். ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த கிழமை பாத்தால் என்ர பின் உள்ள நிக்குது. இப்பிடியே ஆளை ஆள் பாராமல் கனகாலம் பின் இழுத்தம். பேந்து ஒரு நத்தாருக்குக் காட் வந்தது. பேர் இல்லை, வீட்டு இலக்கம் மட்டும் போட்டு "இலக்கம் 14இல இருந்து" எண்டு எழுதியிருந்தது. மாமி அதைச் சாமித்தட்டில சரஸ்வதிக்குப் பக்கத்தில வைச்சவா.

வேலையிடத்தில நீ உனக்கு மட்டும் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து இருக்கிறனீயாம். அதுக்கு நீ மேசையில துப்பியிருக்கலாம், அதையெண்டாலும் மன்னிச்சிருப்பினம். எழும்பேக்க எல்லாரையும் பாத்து ஆருக்கு வேணும் எண்டு கேள். ஆருக்குச் சீனி, ஆருக்குப் பால் கூட எண்டு மனசில பதி. அண்டைக்கு எல்லாரும் "வேண்டாம்" எண்டாலும் கேட்டது கணக்கில ஏறும். இந்த ஊரில தேத்தண்ணி பகிடி விடுற சாமான் இல்லை. ஜோர்ஜ் ஓர்வெல் எண்ட எழுத்தாளர் 1946 தை மாதம், தேயிலையைப் பங்கீட்டுக்கு அளந்து குடுத்த காலத்தில, ஈவினிங் ஸ்ராண்டட் பேப்பரில நல்ல தேத்தண்ணி போட 11 விதி எழுதினவர். சீனி போடக்கூடாது எண்டது அதில ஒண்டு, அதை நான் ஏற்கமாட்டன். முதல் விதி, இந்தியத் தேயிலை இல்லாட்டில் சிலோன் தேயிலையாத்தான் இருக்கவேணும் எண்டது. விதி எழுதின மனிசன் பிறந்தது கூட இங்கிலாந்தில இல்லை, பீகாரில மோதிகாரியில. அந்தச் சிலோன் தேயிலையைக் கிள்ளின மலையகச் சனத்தை எங்கட நாடு 1948இல ஒரு சட்டம் போட்டுக் குடியுரிமை இல்லாத சனமாக்கினது. அப்ப யாழ்ப்பாணத்தில நாங்கள் அதுக்கு எவ்வளவு அழுதனாங்கள் எண்டு நீ கேட்டால் நான் கதையை மாத்திப்போடுவன். அதால, எங்களை ஒருத்தரும் சேக்கினமில்லை எண்டு முறைப்பாடு வைக்க முன்னம் கொஞ்சம் தண்ணி குடிச்சுப்போட்டு வை.

உன்ர நீளப் பேரை வெட்டி ரண்டெழுத்தாக்கி வைச்சிருக்கிறதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. இந்த நாட்டு அரச குடும்பமே பேர் மாத்தினதுதான். 1714இல ஜேர்மனியில ஹனோவரில இருந்து ஒருத்தரைக் கூட்டிவந்து முதலாம் ஜோர்ஜ் எண்டு முடி சூட்டினவை, அவருக்கு இங்கிலீசு தட்டுத் தடுமாறித்தான். 1917இல ஜேர்மனியோட சண்டை நடக்கேக்க, குடும்பப் பேர் சாக்ஸ-கோபர்க்-கோதா எண்டு கிடந்தது சங்கடமாப் போய், குடியிருந்த கோட்டையின்ர பேரை எடுத்து வின்சர் எண்டு வைச்சவை. செத்துப்போன ராணியின்ர மனிசன் பிலிப் பிறந்தது கிரேக்கத்தில, கோர்ஃபுத் தீவில. கலியாணம் நடந்த 1947இல அவரும் பிரித்தானியக் குடியுரிமை எடுத்துத்தான் மாப்பிளையானவர். அவருக்குச் சோதனை வைக்கேல்லை, உனக்கு வைப்பினம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சோதனை ஒரு பெரிய சோலியில்லை. 45 நிமிசம், 24 கேள்வி, 18 சரி வந்தால் காணும். எட்டாம் ஹென்றிக்கு எத்தினை பெண்சாதி எண்டு நீ விழுந்து விழுந்து பாடமாக்குவாய், இஞ்ச பிறந்து வளந்தவனைக் கேட்டால் விரலை மடக்கி எண்ணிப்போட்டு முழிப்பான். பேந்து ஒருநாள் மண்டபத்தில நிக்க வைச்சுச் சத்தியம் வாங்கி, தேசிய கீதம் பாடவிட்டு, அரசற்ற படத்துக்குப் பக்கத்தில படம் எடுப்பினம். 2004இல இருந்து அந்த வழக்கம். கோட்டுப் போட்டுக்கொண்டு போ, கொம்மாவுக்குப் படம் அனுப்பலாம். ஆனால் அடுத்த நாள் காலமை உன்ர தெருவுக்கு அந்தப் பத்திரத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது.

அந்தச் சோதனைப் புத்தகத்தில எனக்குப் பிடிச்ச ஆள் ஒருத்தர் வாறார், ஷேக் டீன் மொகமட். பட்னாக்காரர். 1810இல லண்டன் ஜோர்ஜ் தெருவில இந்தியச் சாப்பாட்டுக் கடை ஒண்டு துறந்தவர். குழல் வைச்ச ஹூக்காவும் கறியும் எண்டு பெரிய எடுப்பு. ரண்டு வருசத்தில வங்குரோத்து. மனிசன் அழுதுகொண்டு ஊருக்கு ஓடேல்லை. பிரைற்றன் கடற்கரைக்குப் போய், நீராவிக் குளிப்பும் எண்ணெய் தேச்சு உடம்பு பிடிச்சு விடுறதும் எண்டு தொடங்கினார். சோத்துக்கு வராத துரைமார் முதுகு உளைவுக்கு வந்தினம். கடைசியில நாலாம் ஜோர்ஜ் அரசரின்ர உடம்பே அவற்ற கைக்குள்ள. இஞ்ச ஆளைத் தொட்டுக் கதைக்க ஏலாது எண்டு புலம்புறாய், அந்த மனிசன் அரசரையே குப்புறப் போட்டுத் தேச்சிருக்கிறார். நடுவில ஒரு நோவு இருந்தது, அதுதான் சூட்சுமம்.

1990இல நோர்மன் ரெபிற் எண்ட கொன்சவேற்றிவ்காரர் வேற ஒரு சோதனை சொன்னவர். குடிவந்த ஆக்கள் கிறிக்கெற்றில எந்த நாட்டுக்குக் கைதட்டினம் எண்டு பாத்தால் ஆர் இந்த நாட்டோட ஒட்டினவை எண்டு தெரிஞ்சிடுமாம். எங்கட வீட்டுக்கு வந்து கேட்டிருந்தால் மனிசன் பேனையை வைச்சிட்டு ஓடியிருப்பார். மாமிக்கு இந்தியா. உன்ர மச்சானுக்கு இங்கிலாந்து. எனக்கு, இலங்கை தோக்கவேணும், ஆனால் முரளி பந்து போடேக்க மட்டும் வெல்லவேணும். 1998இல ஓவலில முரளி ஒரே ஆட்டத்தில இங்கிலாந்தின்ர 16 விக்கெற்றை எடுத்த கிழமை, நான் வேலை செய்த பெற்றோல் ஷெட்டில வெள்ளைக்காரர் எல்லாம் என்னட்டை வந்து கை குடுத்தாங்கள், ஏதோ நான் முழங்கையை மடக்கிப் போட்ட மாதிரி. நானும் "ஓம், எங்கட பெடியன்தான்" எண்டு வாங்கிக்கொண்டன். அடுத்த வருசம் இங்கிலாந்து அணிக்குத் தலைவரா வந்த நாசர் ஹுசைன் பிறந்தது மதராசில. ரெபிற் அவரை எந்தப் பெட்டிக்குள்ள போட்டாரோ தெரியாது.

எல்லாம் பகிடியில்லை, அதையும் கேள். இஞ்ச இருந்து கிட்டத்தான் ஸ்மெதிக். அறுபதுகளில அங்க பப்பில கறுப்புத் தோல்காரருக்கு உள்ள இடமில்லை எண்டு சொன்னவங்கள். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மல்கம் எக்ஸ் 1965 மாசியில அதைப் பாக்கவெண்டு அங்க வர, ஒரு பப்பில அவருக்கும் இல்லையெண்டு போட்டாங்கள். இந்தியத் தொழிலாளர் சங்கத்துக்காரர் விடாமல் மல்லுக்கட்டினவை. அந்த வருசக் கடைசியில பொது இடத்தில நிறம் பாத்துத் தள்ளுறதுக்கு எதிராச் சட்டமே வந்தது. இண்டைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார், கன பப்பை நடத்துறதே பஞ்சாபிகள். பியருக்குத் தொட்டுக்கொள்ளச் சுட்ட இறைச்சித் தட்டு, சத்தமாப் பங்ரா, பக்கத்துக் கதிரையில ஃபவுண்டரியில வேலை செய்து இளைப்பாறின வெள்ளைக்காரக் கிழவன் பச்சை மிளகாய் கடிச்சுக்கொண்டிருப்பான். நீ குடிக்காட்டில் லெமனேட் வாங்கு, ஒருத்தரும் ஒண்டும் சொல்லார். ஆனால் உன்ர முறை வரேக்க எல்லாருக்கும் வாங்கிக் குடு. முறை வரேக்க கழுவறைக்குப் போறவனை அந்த மேசை மூண்டு தலைமுறைக்கு மறக்காது.

கவென்றியிலயும் 1981 சித்திரையில நடு ரவுணில, பட்டப்பகல்ல, ஒரு சீக்கிய மாணவனைக் குத்திக் கொண்டவங்கள். நான் வரமுன்னம் நடந்தது, வந்த பிறகும் அதைச் சொல்லித்தான் எங்களை இருட்டினால் வெளியில போகாதையுங்கோ எண்டவை. அந்த ஆனியில, இந்த ஊரில பிறந்த 'த ஸ்பெஷல்ஸ்' எண்ட பாட்டுக் குழு, கறுப்பும் வெள்ளையும் கலந்த பெடியள், இன ஒற்றுமைக்கெண்டு மைதானத்தில கச்சேரி வைச்சாங்கள். ஒரு கச்சேரியால ஊர் திருந்திச்சு எண்டு நான் புழுக மாட்டன். 2024 ஆடியில சவுத்போட்டில மூண்டு சின்னப் பிள்ளையளைக் குத்திக் கொண்ட பிறகு, பொய்க் கதையை நம்பி ஒரு கூட்டம் பள்ளிவாசலுக்குக் கல்லெறிஞ்சதை நீயும் ரீவியில பாத்திருப்பாய். விடிய அந்த ஊர் மேசன்மார் கல்லும் சீமெந்துமா வந்து உடைஞ்ச மதிலைக் கட்டினாங்கள், சனம் தும்புத்தடியோட வந்து றோட்டைக் கூட்டிச்சு. ஆருக்கெண்டாலும் நடுவில ஒரு மதில் தேவைப்படுது. எறிஞ்சவனும் இந்த நாட்டுக்காரன், கட்டினவனும் இந்த நாட்டுக்காரன். ரண்டு பேரையும் பாத்து வைச்சிரு, ஒருத்தனை மட்டும் பாத்தால் நாடு விளங்காது.

நாங்கள் முதல் இருந்த தெருவில பக்கத்து வீட்டில ஒரு வயசு போன மனிசி. வேலிக்கு மேலால "காலை வணக்கம்", "நல்ல வெயில்", அவ்வளவுதான். ஒரு கார்த்திகை மாதம், கை ஃபோக்ஸ் இரவு, வாண வெடி எங்கயோ பலமா வெடிச்சுது. நான் முத்தத்தில நிண்டனான், யோசியாமல் அப்பிடியே குந்திப்போட்டன். தலைக்கு மேல கை. நிமிந்து பாத்தால் வேலிக்கு அங்கால மனிசியும் சுவரோட ஒட்டிக் குனிஞ்சு நிக்குது. ரண்டு பேரும் ஆளை ஆள் பாத்தம். 1940 கார்த்திகை 14 இரவு ஜேர்மன்காரன் வந்து விடியும்வரை கவென்றிக்குக் குண்டு போட்டவன், ஒரே இரவில 500 பேருக்கு மேல சரி. பெரிய தேவாலயம் சுவர் மட்டும் மிஞ்சிச்சு, இண்டைக்கும் புதுக் கோயிலுக்குப் பக்கத்தில அதை அப்பிடியே விட்டிருக்கினம். மனிசி அப்ப பள்ளிக்கூடம் போற வயசு. பின்வளவில மண்ணுக்குள்ள புதைச்ச தகரக் கூட்டுக்குள்ள தாயோடயும் பூனையோடயும் இருந்ததாம். எவ்வளவு ஆழம் வெட்டினனீங்கள் எண்டு நான் கேட்டன். நாலு அடி எண்டுது. நாங்கள் ஆறடி வெட்டி, பனங்குத்தி அடுக்கி, மேல மண் மூட்டை போட்டனாங்கள் எண்டன். தண்ணி ஊறினதோ எண்டு கேட்டுது. மாரியில முழங்கால் மட்டும் எண்டன். "எங்களுக்கும் அதுதான் கரைச்சல்" எண்டுது. அகதி எண்டால் என்ன, ஏன் வந்தனீங்கள், எப்ப போவியள் எண்டு என்னை ஆயிரம் பேர் கேட்டிருக்கிறாங்கள். பங்கருக்குள்ள தண்ணி ஊறினதோ எண்டு கேட்டது அந்த ஒரு மனிசிதான். அண்டைக்கு வேலிக்கு மேலால ஒரு போத்தல் பிராந்தி வந்தது. மாமிக்குச் சொல்லாதை.

உனக்குக் குண்டு வேண்டாம், சும்மா சொன்னன். லேசான வழி எவ்வளவோ கிடக்கு. ஒரு நாயை வாங்கு. பூங்காவில உன்ர பேர் ஒருத்தருக்கும் தெரியாது, ஆனால் நாய்க்கு என்ன பேர், என்ன சாப்பிடும், வயித்தாலை போச்சுதோ எண்டு எல்லாம் கேப்பினம். இல்லாட்டில் சனிக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு நினைவுப் பூங்காவுக்குப் போ, பார்க்ரன் எண்டு ஐஞ்சு கிலோமீற்றர் ஓடுவாங்கள், காசில்லை. 2004இல லண்டன் புஷி பூங்காவில 13 பேர் ஓடித் தொடங்கினது, இப்ப உலகம் முழுக்க. ஓட ஏலாட்டில் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வளைவில நிண்டு கைதட்டு. கைதட்டுறவனுக்குக் கடைசியில கேக் குடுப்பினம்.

ஆனால் என்னைக் கேட்டால் அலொட்மென்ற்தான். கேக்கிற சனத்துக்குத் தோட்டத் துண்டு ஒதுக்கிக் குடுக்கவேணும் எண்டு 1908இல சட்டம் எழுதி வைச்ச நாடு இது. முழுத் துண்டு எண்டால் அவையின்ர அளவில பத்து ரொட். கணக்குப் பாத்தால் சரியா எங்கட ஒரு பரப்பு. கூடவுமில்லை குறையவுமில்லை. நான் அதைக் கேட்ட அண்டைக்கே உந்த நாட்டுக்காரன் எங்கயோ எங்களுக்குச் சொந்தக்காரன் எண்டு நினைச்சன். பக்கத்துத் துண்டுக்காரன் கார்த் தொழிற்சாலையில வேலை செய்த மனிசன். முதல் வருசம் நான் வெங்காயம் நடுறதைப் பாத்துக்கொண்டே நிண்டான், ஒரு சொல்லு இல்லை. ரண்டாம் வருசம், "நீ நெருக்கி நடுறாய்" எண்டான். எங்கட ஊரில இப்பிடித்தான் எண்டன். மூண்டாம் வருசம் அவனும் நெருக்கி நட்டான். ஆவணியில உந்தக் கூர்ஜெற் எண்ட சாமான் எல்லாற்ற தோட்டத்திலயும் காய்ச்சுக் கொட்டும், ஒருத்தருக்கும் வேண்டாம், ஆளில்லாத நேரம் பாத்து ஒருத்தன்ர வாசல்ல மற்றவன் வைச்சிட்டு ஓடுவான். உன்ர வாசல்ல கூர்ஜெற் கிடந்தால் நீ தப்பினாய் எண்டு வைச்சுக்கொள்.

பேந்து சங்கம். ரண்டு இங்கிலீசுக்காரன் ஒரு மண்வெட்டியோட நிண்டால் மூண்டாவதா ஒரு செயலாளர் வேணும் எண்டுவாங்கள். தலைவர், பொருளாளர், கூட்டக் குறிப்பு, பிஸ்கற். இதில எங்களுக்கும் அவையளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, எங்கட கோயில் நிர்வாகசபைக் கூட்டத்தில சத்தம் கூட, அவ்வளவுதான். அவங்கள் "தலைவரின்ர கருத்தை மதிக்கிறன்" எண்டு தொடங்கினால் கழுத்தை வெட்டப் போறாங்கள் எண்டு விளங்கு. என்னைப் பொருளாளர் ஆக்கினவங்கள். தேர்தல் எல்லாம் இல்லை. ஆர் செய்யிறது எண்டு கேக்க எல்லாரும் சப்பாத்தைப் பாத்தாங்கள், நான் மட்டும் நிமிந்திருந்தன்.

அதால, கொம்மாவுக்குப் போன் எடுத்து இனி அழாதையுங்கோ எண்டு சொல்லு. வாற சனிக்கிழமை காலமை எட்டு மணிக்குத் தோட்டத்துக்கு வா. பழைய சப்பாத்தோட வா, உந்தச் சிவப்புச் சட்டை இல்லாமல் வா. ஒரு லொறி குதிரை எரு வந்து வாசல்ல கொட்டப் போறாங்கள், எல்லாத் துண்டுக்கும் தள்ளுவண்டியில பங்கு பிரிச்சு இழுக்கவேணும். சங்கத்தில இருக்கிறது எல்லாம் எழுபது தாண்டின இடுப்புகள். போன கூட்டத்தில, ஒரு இளம் பெடியன் இருந்தால் நல்லது எண்டு ஆரோ சொல்ல, எல்லாரும் சப்பாத்தைப் பாத்தாங்கள். நான் உன்ர பேரைக் குடுத்திட்டன். கூட்டக் குறிப்பில ஏத்தியாச்சு, இனி மாத்த ஏலாது.